குசுமாவின் பாதி வீடு

1

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் நிரோஷா கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு வாசலுக்குப் போனாள். எங்கள் வீட்டு அழைப்பு மணிக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது. அதில் இரண்டு பெயர்கள். மேலே குசுமாவின் குடும்பப் பெயர், கீழே என் வீட்டுக்காரர் பெயர். குசுமா ஊருக்குத் திரும்பிப் போய் மாதக் கணக்காகிவிட்டது. அவளுடைய பாதியை நாங்கள் வாங்கி, வீட்டுப் பத்திரம் எழுதும் நொத்தாரிசுக்கு முன்னால் கையெழுத்தும் வைத்தாயிற்று.

"இன்னும் எதுக்கும்மா அவங்க பேரு? கழட்டிரவா?" என்று கேட்டாள்.

"கழட்டாத."

"ஏன்?"

ஏன் என்பதை இரண்டு வரியில் சொல்ல எனக்கு வரவில்லை. தமிழில் நீளமாகச் சொன்னால் பாதியிலேயே அவள் கவனம் போய்விடும். இத்தாலிய மொழியில் நீளமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. அதனால் முதலில் உங்களுக்கு எழுதிப் பார்க்கிறேன். "பாக்கியம் வெளிநாட்டில் சொந்த வீடு வாங்கிவிட்டாளாம்" என்று நம் ஊர் தெரணியகலையிலிருந்து போன் எடுத்து வாழ்த்தியவர்கள் எல்லோரும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வாழ்த்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்ல மாட்டேன்.

2

நான் இத்தாலிக்கு, இந்த வெரோனாவுக்கு வந்தது 92இல். என் வீட்டுக்காரர் மாணிக்கம் அடுத்த வருடம் வந்தார். அதற்கடுத்த வருடம் நிரோஷா இங்கேயே பிறந்தாள். அவர் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறார். நான் படுக்கையில் இருக்கும் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த ஊரில் இலங்கையர் என்றால் பெரும்பாலும் சிங்களவர்கள்தான். தமிழர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். தோட்டத்துத் தமிழர் என்றால், எனக்குத் தெரிந்து நாங்கள் மட்டும்தான்.

அது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. தெரணியகலைக்காரிக்குச் சிங்களம் யாராவது சொல்லித்தர வேண்டுமா? பஸ்ஸில் சிங்களம், கடையில் சிங்களம், ஆஸ்பத்திரியில் சிங்களம், தோட்டத்து லயத்து அறைக்குத் திரும்பினால் தமிழ் என்றுதானே நாங்கள் வளர்ந்தோம்.

குசுமாவை ஒரு பஸ் நிறுத்தத்தில் சந்தித்தேன். எந்த ஊர் என்று சிங்களத்தில் கேட்டாள். சொன்னேன். தெரணியகலையில் எந்தப் பக்கம் என்றாள். தோட்டம், மேல் டிவிசன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் வீடு எங்கள் தோட்டத்துக்குக் கீழே இருந்த கிராமத்தில். எங்கள் தோட்டத்து லொறியில் தொற்றிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனாளாம். ஊரில் இருந்த காலம் முழுக்க நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. இங்கே வந்து, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வீடே வாங்கினோம்.

லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் நாலாம் மாடி. ஆளுக்கு இரண்டு அறை, பொதுவில் ஒரு குசினி, ஒரு குளியலறை. வீட்டு உறுதிப் பத்திரத்தில் பாதி அவள் பெயர், பாதி என் பெயர். நிரோஷா குசுமாவின் பையன்களோடு வளர்ந்தாள். அவர்களோடு இத்தாலிய மொழியும் சிங்களமும் பேசுவாள். தமிழ் என்பது நானும் அவள் அப்பாவும் சண்டை போடுவதற்காக வைத்திருக்கும் மொழி என்று சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தாளாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

போன வருடக் கடைசியில் குசுமாவின் புருஷனுக்கு முதுகு விட்டுப்போனது. இனி வேலை செய்ய முடியாது, ஊருக்கே போய்விடுவோம் என்று முடிவெடுத்தார்கள்.

"பாக்கியம், என் பாதிய நீயே எடு," என்றாள் குசுமா. எங்களோடு பேசும்போது அவள் பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாகக் கலந்து அடிப்பாள். "வெளியாளுக்குக் குடுக்க எனக்கு மனசு இல்ல. ஆனா ஜூலையில டிக்கெட். அதுக்குள்ள நீ முடிக்காட்டி இவர் அந்த கராஜ்காரனுக்குக் குடுத்துருவார். அவன் கையில சல்லியோட நிக்கிறான்."

அந்த கராஜ்காரன் வீடு பார்க்க ஒரு தடவை வந்திருந்தான். தனி ஆள். குசினியையும் பார்க்கவில்லை, குழாயையும் திருகிப் பார்க்கவில்லை. நிரோஷாவின் அறை வாசலில் நின்றுகொண்டு, இங்கே யார் படுப்பது என்று கேட்டான். அந்தக் கேள்வி காதில் விழுந்த நிமிடமே, பிச்சை எடுத்தாவது குசுமாவின் பாதியை நாங்கள்தான் வாங்க வேண்டும் என்று முடிவுகட்டினேன். பிச்சை என்று அன்றைக்கு ஒரு பேச்சுக்குத்தான் நினைத்தேன்.

3

காசு இருந்தது. சீட்டில் இருந்தது.

பன்னிரண்டு பெண்கள். என்னைத் தவிர எல்லோரும் சிங்களவர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் குசினியில் கூடுவோம். எல்லோரும் ஒரே தொகையைப் போடுவோம். மாதம் ஒருத்தி மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு போவாள். சீட்டுப் பிடித்தவள் குசுமா, அதனால் முதல் கை அவளுக்கு. கடைசிக் கையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கடைசிக் கை கேட்பது என் அம்மாவிடமிருந்து வந்த பழக்கம். எங்கள் தோட்டத்தில் சீட்டு நடந்தது பிள்ளைக்காம்பராவில். பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போவார்களே, அந்த அறை. பிள்ளை பார்க்கிற ஆயாதான் சீட்டுப் பிடிப்பார். எல்லாத் தாய்மாரும் காலையும் மாலையும் அவர் முகத்தில் விழித்தாக வேண்டும், எங்கே போய் ஒளிவது? மழை விடாமல் பெய்தால் ரப்பர் பால் வெட்ட முடியாது. வேலை இல்லையென்றால் வரவுப் புத்தகத்தில் பேர் விழாது, சம்பளம் இல்லை. அந்த மாதமும் சீட்டுக்காசு தப்பாது. அரிசியைக் குறைப்பார்கள், சீட்டைப் பிந்த விட மாட்டார்கள். அம்மா எப்போதும் கடைசிக் கைதான் கேட்பார்.

"முன்னுக்கு எடுத்தா வருசம் பூரா கடங்காரி மாதிரி தலைய குனிஞ்சிக்கிட்டு நிக்கணும். கடைசியா எடுத்தா அது நம்ம சல்லி," என்பார்.

ஆகவே எனக்கு வர வேண்டியிருந்ததில் யாருடைய தயவும் கிடையாது. மாதாமாதம் நான் மற்றவர்களுக்குப் போட்டதுதான் கடைசி மாதம் எனக்கே திரும்பி வருகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

வீட்டு விலையில் பெரும் பகுதியை வங்கி கடனாகத் தரும். மிச்சத்தை நாங்கள் கைக்காசாகப் போட வேண்டும். காசைக் கையில் கொண்டுவராதீர்கள், கணக்கு வழியாக வரட்டும், அப்போதுதான் சுத்தம் என்று வங்கியில் சொன்னார்கள். நான் அப்படியே குசுமாவிடம் சொன்னேன். குசுமா ஒரு நல்ல சீட்டுக்காரி செய்ய வேண்டியதைச் செய்தாள். இந்த மாதம் பாக்கியத்தின் கை, எல்லோரும் திங்கட்கிழமை காலையிலேயே அவள் கணக்கில் போட்டுவிட வேண்டும், பிந்துகிறவளுக்கு வெட்கம் என்று எல்லோருக்கும் அறிவித்துவிட்டாள். எல்லோரும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வரிசையில் நின்று போட்டார்கள். வங்கிப் படிவத்தில் காசு எதற்காக என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. சீட்டை இத்தாலிய மொழியில் எப்படி எழுதுவது என்று ஒருத்திக்கும் தெரியவில்லை. குசுமாவின் மூத்த மகனைப் போனில் கேட்டார்கள். உதவி என்று எழுதுங்கள் என்றான். எல்லோரும் உதவி என்று எழுதினார்கள்.

இரண்டு பேருக்கு விசா இல்லை, அதனால் வங்கிக் கணக்கும் இல்லை. அவர்கள் பங்கைக் கையில் வாங்கி, தன் பங்கோடு சேர்த்து மூன்றாகக் குசுமாவே போட்டுவிட்டாள்.

நாங்கள் இந்த நாட்டில் செய்த காரியங்களிலேயே இவ்வளவு ஒழுங்காகச் செய்தது இது ஒன்றுதான். அதுதான் எங்களைக் கவிழ்த்தது.

4

வங்கியில் ஓர் இளைஞன். நன்றாகச் சவரம் செய்த, மரியாதையான பையன். அவனைக் குறை சொல்ல மாட்டேன். கடன் விஷயமாகப் பேச வேண்டும் என்று வரச் சொல்லியிருந்தான். பேச்சு புரியாமல் போய்விடக் கூடாதே என்று நிரோஷாவையும் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டுக் கூட்டிப் போனேன்.

அவன் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினான். ஒரே நாட்டு ஆட்கள், ஒரே காலை, ஒரே தொகை, ஒரே சொல். ஒருவர் மட்டும் மூன்று மடங்கு. அந்த ஒருவர்தான் வீட்டை விற்கிறவர்.

"வீட்டை விற்கிறவரே, வாங்குவதற்கும் உங்களுக்குப் பணம் தருகிறாரா?" என்று கேட்டான்.

அவன் சொன்ன விதத்தில் கேட்டபோது எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

சீட்டை விளக்கிப் பார்த்தேன். நிரோஷாவும் விளக்கினாள். இது எங்கே பதிவாகியிருக்கிறது என்று கேட்டான். பதிவு இல்லை. ஒப்பந்தம்? இல்லை. முதலில் எடுத்துக்கொண்ட ஒருவர் அடுத்த மாதம் போடாமல் போனால்?

"போடாமல் போக மாட்டார்கள்," என்றேன்.

"எப்படித் தெரியும்?"

நாளைக்கு முகத்தில் விழிக்க வேண்டுமே என்பதை இவனுக்கு எந்த மொழியில் சொல்வது? நிரோஷாவைப் பார்த்தேன். அவளுக்கும் அது விளங்கியதாகத் தெரியவில்லை.

என் சம்பளச் சீட்டை எடுத்து வைத்தான். இந்தச் சம்பளத்தில் இவ்வளவு மிச்சம் பிடிக்க முடியாதே என்றான். அதற்கும் பதில் இருந்தது. கிழவரின் மகன் என் வேலையில் பாதி நேரத்தைத்தான் அரசாங்கத்துக்குக் காட்டுகிறார். மிச்சத்துக்குக் கையில் காசு. அதைச் சொன்னால் அவருக்கு அபராதம், எனக்கு வேலை போகும், வேலை போனால் கடனும் கிடையாது. நான் உழைத்தேன் என்று சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அவன் குரலைத் தாழ்த்தினான். "தவறாக நினைக்காதீர்கள். உங்கள் நாட்டில் இப்போது போர் நடக்கிறது. வெளிநாடுகளில் அதற்குப் பணம் சேர்க்கிறார்கள் என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் தமிழா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நிரோஷா பதில் சொல்லிவிட்டாள்.

"நாங்கள் இலங்கையர்கள். வீட்டில் சிங்களம் பேசுவோம்."

அழகான இத்தாலிய மொழியில், சிரித்த முகத்தோடு சொன்னாள். பையனுக்கு மூச்சு வந்தது. எதையோ எழுதிக்கொண்டான். பணம் தந்தவர்கள் ஒவ்வொருவரும் எழுத்தில் விளக்கம் தர வேண்டும், அதுவரைக்கும் கடன் நிறுத்தி வைக்கப்படும் என்றான்.

படியிறங்கும்போது கேட்டேன். "ஏன்டி அப்பிடி சொன்ன?"

"கேள்வி முடியட்டும்னு சொன்னேம்மா. பொய் இல்ல தானே. குசுமா ஆன்ட்டி இருந்தா சிங்களம் தானே பேசுறோம்."

பொய் இல்லைதான். அவள் ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னாளே, அது எனக்கு வலித்தது. திட்டவும் முடியவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள்.

விஷயத்தை வீட்டில் சொன்னபோது மாணிக்கம் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "ஒழைச்ச சல்லிய ஒழைச்ச சல்லின்னு சொல்றதுக்கு யாருகிட்ட போயி கேக்குறது?" அவ்வளவுதான் பேசினார். அவர் பேசுவதே குறைவு.

5

எனக்கு ஓர் அக்கா இருக்கிறார். பெயர் பரமேஸ்வரி. தமிழர்களை அடித்த 77 கலவரத்துக்குப் பிறகு எங்கள் சித்தப்பா குடும்பம் தோட்டத்தை விட்டு வடக்கே வன்னிக்குப் போனது. அக்காவையும் பின்னால் அந்தப் பக்கமே கட்டிக்கொடுத்தார்கள். இந்த வருடம் தை மாதத்தில் சண்டை வன்னிக்குள் இறுகியது, அதோடு அக்காவின் போன் நின்றுவிட்டது.

அந்தப் பையன் என்னைச் சந்தேகப்பட்டானே, அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வன்னிப் பக்கத்து விலாசத்துக்கு நான் ஒரு சதம்கூட அனுப்பியதில்லை. கூடப் பிறந்த அக்காவுக்குக்கூட அனுப்பியதில்லை. பயம். பேர் எங்காவது பதிந்துவிடும், நாளைக்கு ஊருக்குப் போகும்போது விமான நிலையத்தில் நிறுத்திக் கேட்பார்கள் என்ற பயம். பணம் அனுப்பினாயா என்று யார் கேட்டாலும் இல்லை என்று என்னால் தைரியமாகச் சொல்ல முடியும். அப்படிச் சொல்ல முடிகிறதே என்று நினைத்தால்தான் எனக்குக் கூசுகிறது.

92இல் கொழும்பில், இத்தாலிக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் சொல்லும் நாளுக்காக ஒரு வீட்டில் வாடகைக்கு அறை எடுத்துக் காத்திருந்தேன். ஒருநாள் பொலிஸ் சோதனையில் என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தோட்டத்துப் பிள்ளைக்குக் கொழும்பில் என்ன வேலை என்று கேட்டார்கள். பாஸ்போர்ட் ஏஜென்சிக்காரனிடம் இருந்தது. நான் சிங்களத்தில் எவ்வளவு சரளமாகப் பதில் சொன்னேனோ அவ்வளவுக்குச் சந்தேகப்பட்டார்கள். இவ்வளவு நல்ல சிங்களம் எங்கே படித்தாய் என்று கேட்டார்கள். வீட்டுக்கார அம்மா வந்துதான் என்னை மீட்டார். சிங்களப் பெண்மணி, பெரிய மனசு.

"இது எங்க வீட்டு வேலைக்காரப் பிள்ளை. சின்ன வயசிலேயிருந்து எங்ககிட்டதான் இருக்கு," என்று சிங்களத்தில் சொன்னார்.

மாதம் தவறாமல் அவருக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். வேலைக்காரி என்று கையெழுத்துப் போட்டு வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். நன்றியாகவும் இருந்தது, கப்பைத் தரையில் போட்டு உடைக்க வேண்டும் போலவும் இருந்தது.

6

யாரோ சொல்லி ஒரு கணக்காளர் அம்மாவிடம் போனோம். கண்ணாடியை மூக்கின் நுனியில் இறக்கி எல்லாத் தாளையும் பார்த்தார். சீட்டு என்ற பேச்சையே எடுக்காதீர்கள், அனுமதி இல்லாமல் ஊரார் காசைச் சேர்ப்பதாக ஆகிவிடும், குசுமாவுக்குத்தான் வம்பு என்றார். வழி ஒன்றுதான். அவர்கள்தான் உதவி என்று எழுதிவிட்டார்களே, அப்படியே இருக்கட்டும். குசுமா போக, கணக்கில் போட்ட மற்ற எட்டுப் பேரும் இந்தப் பணத்தை நட்புக்காக நன்கொடையாகத் தந்தோம் என்று கையெழுத்து வைக்க வேண்டும். பெற்றுக்கொண்டேன் என்று நான் வைக்க வேண்டும். குசுமா போட்ட மூன்று பங்கை அவளுக்கே திருப்பி அனுப்பிவிட்டு, அந்த அளவு வீட்டு விலையைக் குறைத்துக்கொள்ளலாம்.

குசுமாவின் விஷயம் பிரச்சினையில்லை. அவள் கணக்கில் அது சரியாகிவிடும். நன்கொடை என்பதைத்தான் என்னால் முழுங்க முடியவில்லை.

"நான் கட்டுன சல்லி குசுமா," என்றேன். "ஒரு மாசம் பிந்தல. காய்ச்சலோட வந்து கட்டியிருக்கேன். அதப் போயி தானம் வாங்குனேன்னு எழுதணுமா?"

"எனக்குத் தெரியும். எட்டுப் பேருக்கும் தெரியும். தாளுக்குத் தெரியாட்டிப் போகுது."

"தாளுதானே நாளைக்கு பேசும்."

டிக்கெட் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த கராஜ்காரன் இரண்டு தடவை போன் எடுத்துவிட்டான். சரி, எழுதுவோம் என்றேன்.

எட்டுக் கையெழுத்தையும் ஒரே இடத்தில் வாங்கிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை ஒருத்தியின் வீட்டில் எல்லோரையும் குசுமா கூட்டினாள். நாள் குறித்தபோது அது எந்த வாரமாக இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. மே மாதம். போர் முடிந்துவிட்டது என்று அறிவித்த வாரம்.

போய்ச் சேர்ந்தபோது மேசையில் பாற்சோறு இருந்தது, நல்ல நாளுக்குச் சிங்களவர்கள் தேங்காய்ப்பாலில் சமைக்கிற சோறு. பெரிய தட்டு, சாய்சதுரமாக வெட்டி, பக்கத்தில் லுணு மிரிஸ் என்ற மிளகாய்ச் சம்பல். எல்லோரும் நல்ல உடுப்பு உடுத்தியிருந்தார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வீட்டுக்காரியின் தம்பி இராணுவத்தில் இருந்தான். இனி அவன் சாக மாட்டான் என்று அவள் அழுதுகொண்டே சிரித்தாள். என்னைக் கண்டதும் கட்டிப் பிடித்தாள். ஒரு துண்டை எடுத்துத் தட்டில் வைத்து என் கையில் தந்தாள். அவள் கண்ணில் வஞ்சகம் எதுவும் இல்லை. நான் தமிழச்சி என்பதே அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் இல்லை. அவ்வளவு வருடமாக நான் அவர்களில் ஒருத்தி.

என் கைப்பைக்குள் எட்டுத் தாள்கள். ஒன்றில்கூட இன்னும் கையெழுத்து விழவில்லை. அக்கா உயிரோடு இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது.

ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது, ஒருத்தியும் பார்க்கவில்லை. விழுங்கினேன். இரண்டாவது விள்ளலுக்குக் கை போகவில்லை.

குசுமா பக்கத்தில் வந்து தட்டை என் கையிலிருந்து வாங்கினாள்.

"பாக்கியத்துக்குக் குடுக்காதீங்க. கேஸ்ட்ரைட்டிஸ். தேங்காப்பால் ஆகாதுன்னு டொக்டர் சொல்லியிருக்கார்," என்று சிங்களத்தில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். எனக்கு அப்படி ஒரு வியாதியும் கிடையாது. தட்டைக் குசினிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, பேனாவை எடுத்து முதல் ஆளிடம் நீட்டினாள். எட்டுப் பேரும் கையெழுத்து வைத்தார்கள். போகும்போது எனக்கு ஒரு தோடம்பழச் சாறு கொடுத்தார்கள்.

இரண்டு பேரும் பஸ்ஸில் திரும்பி வந்தோம். வீட்டுப் படியில் ஏறும்போது மூன்றாம் மாடியில் அவள் நின்றாள். "உங்க அக்காவப் பத்தி விசாரிக்கச் சொல்லி என் தம்பிகிட்ட சொல்லியிருக்கேன்," என்றாள். நான் தலையாட்டினேன். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு முன்னால் அழக் கூடாது என்று வேகமாக ஏறினேன்.

7

இங்கே நொத்தாரிசு உறுதியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் சத்தமாக வாசிக்க வேண்டும். அது சட்டம். அவர் பூசை மந்திரம் மாதிரி ஒரே மூச்சில் வாசித்தார். விளங்கியதா என்று கேட்டார். விளங்கியது என்றேன். கையெழுத்து வைத்தேன். வீடு எங்களுடையது.

எங்கள் அப்பாவும் அம்மாவும் ஆயுசு முழுக்க உழைத்த இடத்தில் ஒரு சுவர்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை. அம்மா இறந்த பிறகு லயத்து அறையை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதை நினைத்தால் நான் அன்றைக்குச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷமும் இல்லாமல் இல்லை. கராஜ்காரன் இனி வர மாட்டான், நிரோஷா கதவைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கலாம். ஆனால் வங்கியில் ஒரு கோப்பு இருக்கிறது. அதில் பாக்கியம் என்கிறவள் எட்டுப் பேரிடம் தானம் வாங்கி வீடு வாங்கினாள் என்று என் கையெழுத்தோடு இருக்கிறது. அதை இனி மாற்ற முடியாது. கடன் முடியும் வரைக்கும், எனக்கு வயதாகும் வரைக்கும், அந்த வங்கிக்கு மாதாமாதம் போக வேண்டும். அந்தப் பையன் மரியாதையாக வணக்கம் சொல்கிறான். நான் சிங்களத்தி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான்.

என்னைக் காப்பாற்றிய பொய்கள் எல்லாம் ஏதோ ஒரு படி கீழே இறக்கித்தான் என்னைக் காப்பாற்றியிருக்கின்றன. ஒரு தடவை வேலைக்காரி. ஒரு தடவை நோயாளி. ஒரு தடவை பிச்சைக்காரி.

ஜூலையில் குசுமா போனாள். விமான நிலையத்தில் மிளகாய்த்தூள் டப்பாவை என் பைக்குள் திணித்தாள். ஊருக்குப் போகிறவள் இங்கே இருக்கிறவளுக்குத் தூள் கொடுத்துவிட்டுப் போனது அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

8

அக்கா உயிரோடு இருக்கிறார். போர் முடிந்தபின் வன்னி ஆட்களை அடைத்து வைத்திருக்கும் வவுனியா முகாம் ஒன்றில். குசுமாவின் தம்பிதான் கண்டுபிடித்துச் சொன்னான். அத்தானைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வெளியில் உறவுக்காரர் யாராவது பொறுப்பெடுத்து, சொந்த இடம் இது என்று காட்டினால் விடலாம் என்கிறார்களாம். சொந்த இடம் தெரணியகலைதான். ஆனால் அங்கே எங்கள் சொந்தக்காரர் ஒருவரும் மிச்சமில்லை. நான் இங்கே கடனோடும் கிழவரோடும் கட்டிப்போட்ட மாதிரி கிடக்கிறேன். லீவு கேட்டால் வேறு ஆள் வைத்துக்கொள்வோம் என்கிறார் கிழவரின் மகன்.

குசுமாவிடம் கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. நான் கேட்கவில்லை, அவளாகத்தான் போனாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் போன் எடுத்தாள்.

"கிராம சேவகர்கிட்ட போனேன் பாக்கியம். உங்க அக்கா இந்த தோட்டத்துல பொறந்த ஆள்னு எழுதிக் குடுத்துட்டார். அதுக்கப்பறம் அரசாங்கக் கச்சேரிக்குப் போனா, பொறுப்பெடுக்குறது யாரு, என்ன உறவுன்னு கேக்குறாங்க."

"நீ என்னா சொன்ன?"

"ஒரே வீட்டு ஆளுங்கன்னு சொன்னேன்."

"ஒரே வீடா?"

"ஆமா. அவங்க தங்கச்சிக்கும் எனக்கும் இத்தாலியில ஒரே வீடு, பாதி பாதின்னு சொன்னேன். நம்ம பழைய உறுதியோட கொப்பிய காட்டினேன்."

"அந்த ஆளுக்கு இத்தாலி வாசிக்கத் தெரியுமா?"

"பேரு ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கு தானே. மத்தத நான் வாசிச்சுக் காட்டினேன்." பின்னால் இரைச்சல் கேட்டது. பஸ் நிலையத்தில் நின்று பேசினாள் போல. "பாக்கியம், வித்துட்டேன்னு யார்கிட்டயும் சொல்லிராத."

நான் சிரித்தேன். சிரிப்பு எங்கே அழுகையானது என்று எனக்குத் தெரியாது. இதுவும் பொய்தான். ஆனால் எனக்காகச் சொல்லப்பட்ட பொய்களில் என்னைக் கீழே இறக்காத பொய் இது ஒன்றுதான். அதைச் சொன்னவள் அந்தப் பாதியைத் தன் கையாலேயே எனக்கு எழுதிக் கொடுத்தவள். நீங்களும் இதை வெளியில் விட்டுவிடாதீர்கள்.

அக்காவை இன்னும் விடவில்லை. பரிசீலனையில் இருக்கிறதாம். கச்சேரியிலிருந்து இங்கே விசாரித்து எழுதுவார்களா, அந்த வீட்டில் யார் பெயர் இருக்கிறது என்று வந்து பார்ப்பார்களா, எனக்குத் தெரியாது. பார்க்க மாட்டார்கள் என்றுதான் மாணிக்கம் சொல்கிறார். நான் வாழ்ந்த விதத்தில், யாரும் வந்து பார்க்க மாட்டார்கள் என்று நம்புகிற பழக்கம் எனக்கு வரவில்லை.

இதையெல்லாம் எழுதி முடித்த பிறகு நிரோஷாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். தமிழில், நீளமாக. நான் பயந்த மாதிரி அவள் பாதியில் எழுந்து போகவில்லை. பாற்சோறு கதையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் வாசல் வரைக்கும் போய் அந்தத் தகட்டைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"சரி. பெரியம்மா வெளிய வந்தப்பறம் கழட்டுவோம்," என்றாள்.

பெரியம்மா என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மேசை லாச்சிக்குள் வைக்கப் போனாள். வேண்டாம், கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்றேன். அங்கேதான் இருக்கிறது.